உள்ளே அரைச் செங்கல்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பெரிய சிந்தனையாளன் என்று நினைத்து ஏமாந்துபோக வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெண் மண்டிபோட்டு, பளபளவென்று காகிதம் சுற்றிய பரிசுப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி கைநழுவி விழுந்தது. மூலை கிழிந்து, உள்ளேயிருந்து அரைச் செங்கல் ஒன்று எட்டிப் பார்த்தது.

அவள் நிமிர்ந்தாள். நான் பார்த்துவிட்டதைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது. இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

(காலி அட்டைப்பெட்டி லேசானது. கடைக்கதவைத் திறந்து மூடினாலே சரிந்துவிடும். அதனால்தான் உள்ளே கனத்துக்கு எதையாவது வைக்கிறார்கள். இதை மறுநாள் போய்க் கடைக் காவலாளியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் என்னைத் திருட வந்தவன் என்று நினைத்துக் கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை.)

2

தொடங்கிப் பார்த்தவை:

'ஊரெல்லாம் விளக்குகள் மின்ன, ஒருத்தியின் மனதில் மட்டும் இருள்' – வேண்டாம், எழுதும்போதே கொட்டாவி வருகிறது.

'கடன் என்பது மனிதனின்' – சே. தவணை கட்டுகிறவனுக்கு இப்படிப் பேச நேரம் ஏது?

'பேக்கிங்காரி அந்த வருஷம் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்திருக்கவில்லை.' இது தேவலை. பேக்கிங்காரி என்றால் அந்த ஜன்னல் பெண்தான். இதையே பிடித்துக்கொள்கிறேன்.

பேக்கிங்காரி அந்த வருஷம் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்திருக்கவில்லை. அது லேசுப்பட்ட காரியமில்லை. அவளுக்கு உறவென்று இருந்தது ஒரே அக்கா. அக்காவும் தங்கையும் கிறிஸ்துமஸுக்குப் பரிசு கொடுப்பதில் ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அக்கா கைக்கடிகாரம் கொடுத்தால் தங்கை கம்பளிக் கோட்டு கொடுப்பாள். கோட்டுக்குப் பதில் அடுத்த வருஷம் அதைவிடப் பெரிதாக ஒன்று வரும். எல்லாமே தவணையில்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கியதன் கடன் அடைவதற்குள் அடுத்த கிறிஸ்துமஸ் வாசலில் வந்து நிற்கும்.

இந்த வருஷம் கடைசித் தவணையைக் கட்டிய அன்றே அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, இனிமே நமக்குள்ள பரிசெல்லாம் வேண்டாமே. உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

"சரிடி"* என்றாள் அக்கா.

அதற்குப்பிறகு அக்கா கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

* இந்தச் 'சரிடி'யை அக்கா கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டாள். பேக்கிங்காரி மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தது அதைத்தான். அது நிம்மதியா, கோபமா? எனக்கும் அப்போது தெரியாது.

கடைசிக் கடனை அடைத்த பிறகு அவளுக்குச் சிக்கனம் ஒரு வெறி மாதிரிப் பிடித்துக்கொண்டது. கடையில் எல்லோரும் சேர்ந்து டீ வாங்கினால் "எனக்கு வேண்டாம்ப்பா, வயிறு சரியில்ல" என்பாள். யாருக்காவது பிறந்தநாள் என்று காசு திரட்டினால் சரக்கு அறைக்குள் போய்விடுவாள். பஸ்ஸில் போனால் செலவு என்று நடந்தே வீடு போனாள், கூட வருகிறவர்களும் இல்லாமல் போனார்கள். செலவைக் குறைத்துக்கொண்டே வந்தவள் ஒருநாள் திரும்பிப் பார்த்தால் ஆட்களும் குறைந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை பில் போடும் பெண்ணிடம் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். "சளியா, பேக்கிங்கம்மா?" என்று அந்தப் பெண் கேட்பாள். "ஆமாம்மா, சளிதான்."

3

இங்கே, இந்தக் கதையை என்னிடம் கேட்டிருந்த பண்டிகை மலரின் ஆசிரியர் போன் செய்தார்.

"கதை எப்படி சார் போகுது? கொஞ்சம் நெகிழ்ச்சியா இருக்கட்டும்."

"நெகிழ்ச்சிக்குத் தனி ரேட்டா?"

அவர் சிரிக்கவில்லை. இந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான், அவரையும் கடுப்பேற்றிவிட்டேன்.

என் சந்தேகம் வேறு. இவ்வளவு கறாரான பெண் கடை ஜன்னல் பெட்டி ஒன்றை ஏன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? கதைக்குத் தேவை என்பதற்காக நான் அவள் கையில் திணிக்கிறேனோ? இரண்டு நாள் இதிலேயே முட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அவள் அறைக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு தட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரே டம்ளர். இரண்டாவது டம்ளரை அலமாரியின் கடைசியில் தள்ளி வைத்திருந்தாள். அப்புறம் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஜன்னல் அலங்காரத்தை மாற்றச் சொல்லிவிட்டார்கள், பழைய பெட்டிகள் குப்பைக்குப் போகவிருந்தன. "ஒண்ணு எடுத்துக்கவா?" என்று மேனேஜரிடம் கேட்டாள். "அதுல என்னம்மா இருக்கு, எடுத்துக்கோ" என்றார். நீலக் காகிதம், வெள்ளி ரிப்பன். பீரோ மேல் வைத்தாள். அறையில் இன்னொருத்தர் இருக்கிற மாதிரி இருந்தது. [இந்த வரியை அடித்தேன். மறுபடி எழுதினேன். அவளுக்கு அப்படித்தான் இருந்தது, நான் என்ன செய்ய?]

செங்கல்லை எடுத்துப் போட்டிருக்கலாமே என்பீர்கள். ரிப்பனை அவிழ்க்க அவளுக்கு மனசு வரவில்லை. அவள் அந்த வருஷம் போட்ட முடிச்சுகளிலேயே அதுதான் அழகாக வந்திருந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையாக இருக்கும் என்று பேக்கிங்காரி எழுந்திருக்கவே இல்லை. மறுபடி தட்டிய பிறகுதான் திறந்தாள்.

அக்கா நின்றாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "பாரு, வெறுங்கையோட வந்திருக்கேன். உள்ள விடுவியா?"

"என்னக்கா இது, வா, வா..."

"வெறுங்கையோட எப்படிடி வர்றதுன்னு இத்தனை நாளா தயங்கிட்டே இருந்துட்டேன். பழக்கமே இல்லையா, வெக்கமா இருந்துச்சு. இன்னைக்குத்தான், போடி, நம்ம தங்கச்சிதானேன்னு கிளம்பிட்டேன். டீ கொடு, அதுவாவது இருக்கா, அதையும் நிறுத்திட்டியா?"

பேக்கிங்காரி அலமாரியின் கடைசியில் கைவிட்டு இரண்டாவது டம்ளரை எடுத்தாள். தூசி படிந்திருந்தது. கழுவும்போது அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அத்தானின் குறட்டை, கீழ்வீட்டுக்காரியின் புது நாய், பழைய கோட்டு இப்போது அக்காவுக்கு இடுப்பில் மூடாதது – எதைப் பேசினாலும் சிரிப்பு வந்தது. எனக்கு இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொள்ள ஆசை. நிஜமாகவே முடித்தேன். 'முற்றும்' போட்டு ஆசிரியருக்கு அனுப்பவும் போனேன்.

ஆனால் அக்கா கிளம்ப எழுந்தபோது பீரோவைப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி!"

"அக்கா, அது வந்து..."

"வேண்டாம்னு என்கிட்ட சொல்லிட்டு, நீ வாங்கி வச்சிருக்கியா?" அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பெட்டியை இறக்கினாள், கை சற்றுத் தாழ, மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்னடி இந்தக் கனம் கனக்குது!"

"அப்படி ஒண்ணும் இல்லக்கா, அது சும்மா..."

"சொல்லாத, சொல்லாத! கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையிலதான் பிரிப்பேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்ல வைக்கப் பார்த்தேன். 'அக்கா, அதில் ஒன்றுமில்லை என்றாள் அவ' – வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அவளை யாரும் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தாள். பேக்கிங்காரியும் அசைத்தாள். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

5

இங்கிருந்து எந்தப் பக்கம் போவது? போய்ப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

பஸ்ஸின் பின்னாலேயே ஓடுகிறாள், செருப்பு அறுந்துவிடுகிறது. (கதையில் செருப்பு அறுந்தால் எழுத்தாளனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.)

ஆசிரியர் போனில் சொன்னது: "அக்கா பிரிக்கிறாங்க, செங்கல். அதையே முதல் கல்லா வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு கட்டறாங்க. எப்படி?" அந்த வீட்டுக்கு யார் சார் தவணை கட்டுவது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

அவள் என்ன செய்தாள் என்றால், மறுநாள் வேலை முடிந்ததும் கடையிலேயே ஒரு கம்பளிப் போர்வையை எடுத்தாள். நல்ல போர்வை. அவள் சம்பளத்துக்குக் கைக்கெட்டாத விலை. அதே நீலக் காகிதத்தில் சுற்றி, நாளைக்கே அக்கா வீட்டுக்குப் போய், "பெட்டி மாறிப்போச்சுக்கா" என்று மாற்றி வைத்துவிடுவதாகத் திட்டம். பில் போடும் பெண் போர்வையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"தவணையில எழுதிடவா, பேக்கிங்கம்மா?"

"ம்."

"ஒரு கையெழுத்து போட்டா போதும். உங்களுக்குத் தெரியாததா."

நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவை எடுத்தாள். எவ்வளவு கஷ்டப்பட்டுக் கீழே வைத்த பேனா அது. டீயை விட்டு, பஸ்ஸை விட்டு, பேச்சுத்துணையை விட்டு வைத்த பேனா. கை அதைப் பழைய பழக்கத்தில் சரியாகப் பிடித்தது. அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

போன் அடித்தது. அக்கா.

6

"ஏய், உனக்கு என்ன கலர்டி பிடிக்கும்?"

அக்காவைச் சுற்றி ஒரே இரைச்சல். கிறிஸ்துமஸ் பாட்டு, கூட்டம், யாரோ பில் நம்பரைக் கூவும் சத்தம்.

"எங்கக்கா இருக்க?"

"எங்கயோ இருக்கேன், கலரச் சொல்லு. நீ அவ்ளோ பெருசா வாங்கி வச்சிருக்க, நான் பாட்டுக்கு வெறுங்கையோட வந்து உக்காந்து டீ குடிச்சுட்டு வந்திருக்கேன். நேத்திலேருந்து மனசே சரியில்ல. உங்க அத்தான்கிட்ட மூச்சு விடாத, தவணையிலதான் எடுக்கறேன். கவுண்டர்ல நிக்கறேன், கையெழுத்து போடணும், சீக்கிரம் சொல்லுடி."

சத்தியமாக இதை நான் எதிர்பார்க்கவில்லை. போர்வையோடு சமாளித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது இரண்டு கடை, இரண்டு பேனா, நடுவில் ஒரு அரைச் செங்கல். கலரைச் சொன்னால் இரண்டு பேரும் மறுபடி பழைய கிணற்றிலேயே விழுவார்கள், ஆனால் அக்கா வருவாள். உண்மையைச் சொன்னால் கடன் இல்லை. அக்காவும் வராமல் போகலாம். இரண்டாவது டம்ளர் மறுபடி அலமாரியின் கடைசிக்குப் போய்விடலாம்.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

"அக்கா, கையெழுத்துப் போடாத."

"ஏன்?"

"அந்தப் பெட்டியில செங்கல்தான் இருக்கு."

பில் போடும் பெண் தலையைத் தூக்கினாள்.

"என்னது?"

"செங்கல்க்கா. எங்க கடை ஜன்னல்ல வைக்கிற பெட்டி அது. விழாம இருக்கறதுக்கு உள்ள செங்கல் வச்சிருக்கேன். ரூம் வெறிச்னு இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன். நான் உனக்கு ஒண்ணுமே வாங்கல. நீ நேத்து வந்தியே, எனக்கு அது போதும்க்கா. நிஜமாவே போதும்."

அந்தப் பக்கம் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பின்னால் நின்ற யாரோ "கொஞ்சம் நகருங்க" என்றார்கள். அக்கா கேட்டாள்.

"முழுசா, அரையா?"

"அரை."

7

இதற்குமேல் அக்கா பேசியது என்னிடம் இல்லை. எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில் அவள் கவுண்டரே திரும்பிப் பார்க்கும்படி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொன்றில் "சரிடி" என்றாள், அதே பழைய வேகத்தில், வைத்துவிட்டாள். இரண்டாவதுதான் எனக்குச் சுலபமாக வந்தது. அதனால்தான் அதை நம்ப மாட்டேன் என்கிறேன். நான் ஒண்டியாக இருக்கிறவன். என் கையில் எந்தக் கதையைக் கொடுத்தாலும் அது போனை வைத்துவிடுவதில்தான் போய் நிற்கும்.

ஆகவே இந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். வெறுங்கையோடு வந்து, டீ குடித்துவிட்டு, சிரித்துவிட்டுப் போகிற ஆள் உங்களுக்கு ஒருத்தராவது இருந்தால், அக்காவின் பதிலை நீங்கள் சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள், வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

பேக்கிங்காரி பேனாவை விட்டுவிட்டாள், அது நூலில் ஆடிக்கொண்டிருக்கிறது. போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை.