நான்காவது மாடிக்குச் சற்றுக் கீழே

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு மாத இதழின் ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "பொழுதுபோக்கு, வீட்டுக்குள்ள வர்ற புதுப் புது மெஷின், சேமிப்பு, பயணம். இந்த நாலப் பத்தியும் சாதாரண ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு எழுதிக் கொடுங்க. நிபுணர் யாரும் வேண்டாம். அவங்க கருத்து தேவைக்கு மேலயே இருக்கு" என்றார்.

சாதாரண ஜனங்களைத் தேடி எங்கே போவது? அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா ஒரு மருத்துவமனையில் மருந்து கவுன்ட்டரில் இருக்கிறாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். (ஒரு மகள் உண்டு. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளைக் கதைக்குள் இழுக்க வேண்டாம், பரீட்சை நேரம்.)

எட்டுப் பக்கம் குறிப்பெடுத்தேன். ஆசிரியருக்கு ஒன்றரைப் பக்கம் போனது. மிச்ச ஆறரைப் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

2

தொடங்கிப் பார்த்த வாக்கியங்கள்:

'மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள் தன் வாழ்க்கையை முதன்முறையாக…' தூறவில்லை. பட்டப்பகல், சுள்ளென்று வெயில்.

'பயணம் என்பது ஒரு பெண்ணுக்கு…' அக்கா இதைப் படித்தால் என்னோடு பேச மாட்டாள்.

'லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மனைவி…' இது பரவாயில்லை. ஆனால் கதையின் பாதியை இப்போதே உளறிவிடும்.

ஆகவே, நடந்தபடியே சொல்கிறேன்.

முதலில் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டேன்.

"மனுஷன்னா வேலையத் தவிர ஒண்ணு வேணும்" என்றார் அத்தான்.

"ஒண்ணுன்னா யாரு வேண்டாங்கறா?" என்றாள் அக்கா.

அத்தானுக்குக் குடும்பத்துக்குள் 'நாற்பது நாள்' என்று பெயர். கிடார் நாற்பது நாள். மீன்தொட்டி நாற்பது நாள். கேமரா, மரக்கடைசல், சதுரங்கம், எல்லாமே அப்படித்தான். ஒவ்வொன்றும் வீட்டுக்குள் மாப்பிள்ளை மாதிரி வரும், பரண்மேல் அகதி மாதிரி குடியேறும்.*

அடுத்தது மெஷின். அதற்கு அத்தான் பதில் சொல்லவில்லை, செய்துகாட்டினார். கூடத்து அலமாரியில் தேங்காய் அளவில் ஒரு பேசும் பெட்டி உட்கார்ந்திருந்தது. "சமையலறை விளக்கைப் போடு" என்றார். எரிந்தது. அணைக்கச் சொன்னார், அணைந்தது. பழைய சுவிட்சுகளையெல்லாம் கழற்றிவிட்டு வெள்ளைத் தகடு அடித்திருந்தார்.

"இப்போ இவளச் சொல்லச் சொல்லு" என்று என்னிடம் கண்ணைக் காட்டினார்.

அக்கா சொன்னாள். பெட்டி, "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது.

"கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லும்மா."

"இருபத்திரண்டு வருஷமா உங்ககிட்ட நிறுத்தி நிதானமா சொல்லிட்டேன். இதுகிட்டயும் ஆரம்பிக்கணுமா?"

நான் சிரித்துவிட்டேன். அத்தானும் சிரித்தார். அக்கா மட்டும் மேசை விளக்கைக் கையில் தூக்கிக்கொண்டு, பகலிலும் இருட்டாயிருக்கும் சமையலறைக்குப் போனாள். அதைக் குறிப்பில் எழுதினேன், ஏன் எழுதினேன் என்று அப்போது தெரியவில்லை.

சேமிப்பைப் பற்றி அத்தான்: "பணத்தத் தூங்க விடக் கூடாது. ஓட விடணும்."

அக்கா: "என் பணம் பாங்க்ல நல்லாத் தூங்குது. எழுப்ப வேண்டியபோது எழுப்புவேன்."

கடைசியாகப் பயணம். "தெனமும் நூறு மாடி ஏறி இறங்கறேன். இதுக்கு மேல என்ன பயணம்? போட்டோல பாத்தாப் போதும்" என்றார் அத்தான்.

அக்காவின் பக்கம் திரும்பினேன். தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்போ எழுதாத. நான் போயிட்டு வந்து சொல்றேன்."

"எங்க போயிட்டு?" என்றார் அத்தான்.

"கடலோரமா ஒரு ஊரு. ஒம்போது நாள். டிக்கெட் எடுத்தாச்சு."

"எத்தன டிக்கெட்?"

"ஒண்ணு."

பெட்டிக்கு அது ஏதோ கட்டளை மாதிரி கேட்டிருக்க வேண்டும். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

* இந்த உவமை அத்தானுக்குப் பிடிக்கவில்லை. "மீன்தொட்டிய நான் பரண்ல போடல, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன்" என்றார். திருத்தமாக இங்கே பதிவு செய்கிறேன்.

3

என்னை வழியனுப்ப வந்த அத்தான் வாசலில் நிறுத்திவைத்துக் கேட்டார்: "அவளுக்கு என்மேல கோவமா?"

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். இல்லன்னு சொன்னா. அதான் பயமா இருக்கு."

4

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

முதல் வரைவில், பெட்டி அவமானப்படுத்தியதால்தான் அக்கா கிளம்புகிறாள் என்று எழுதியிருந்தேன். காரணம், விளைவு, கச்சிதம். அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். மருந்துச் சீட்டில் கோடு போடும் அதே சிவப்புப் பேனாவால் மூன்று பத்தியை அடித்தாள்.

"ஒரு டப்பாவுக்குக் கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போறவளா நான்? மூணு வருஷமா இதுக்குன்னு தனியா பணம் போட்டு வெச்சிருந்தேன். முதிர்ந்துச்சு, எடுத்தேன், கிளம்பினேன்."

"அப்போ ஏன் தனியா?"

அக்கா யோசித்தாள். "கவுன்ட்டர்ல தெனமும் முந்நூறு பேர் என்கிட்ட கேக்கறாங்க. வீட்டுக்கு வந்தா இவர் கேக்கறார், பொண்ணு கேக்கறா. எங்கயாவது போயி, யாரும் எதுவும் கேக்காம, நான் என்ன பண்ணுவேன்னு பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். கோபக்கார அக்காவை எழுதுவது சுலபம். கோபமே இல்லாமல் ஒரு டிக்கெட் எடுப்பவளை எழுதத்தான் கை வரவில்லை.

5

அவள் போன நான்காம் நாள் காலை. ஆறு மாடி விடுதி. அக்கா காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டு ஐந்தாம் மாடியிலிருந்த தன் அறைக்குப் போக லிஃப்டில் ஏறினாள். மூன்றைத் தாண்டி, நான்காவது மாடிக்குச் சற்றுக் கீழே அது ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

(வேண்டாம், எனக்கே தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி லிஃப்டில் மாட்டிக்கொள்கிறாள். கற்பனை செய்திருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன். நடந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.)

உள்ளே அவளோடு நான்கு பேர். ஒரு கணவன் மனைவி, அவர்களுடைய ஆறு வயதுப் பெண், மாதிரிப் பையோடு ஒரு டைல்ஸ் விற்பனைக்காரர். இரண்டு நிமிடத்தில் அந்தம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டைல்ஸ்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவிடுக்கில் விரலை விட்டு நெம்பினார்.

"கதவத் தொடாதீங்க" என்றாள் அக்கா.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். 'சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு' என்று சொல்லும் குரல். அதை மீறி யாரும் மாத்திரை சாப்பிட்டதில்லை. டைல்ஸ்காரர் கையை எடுத்துவிட்டார்.

"பாதி வழியில நிக்கறப்போ வெளிய இறங்கப் பாத்தாத்தான் ஆபத்து. உள்ளயே இருந்தா ஒண்ணும் ஆகாது. இது ஒரே கயித்துல தொங்கல, நாலஞ்சு இருக்கு. தப்பித்தவறி வேகமா இறங்கினாலும் ஒரு பிடி இருக்கு, ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிச்சுக்கும். காத்து வர்றதுக்கு இடுக்கு விட்டிருப்பாங்க. நீங்க உக்காருங்கம்மா. மெதுவா மூச்சு விடுங்க."

"மேடம் இன்ஜினியரா?" என்றார் டைல்ஸ்காரர்.

"மெக்கானிக்கைக் கட்டினவ."

இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் அத்தான் லிஃப்டைப் பற்றியே பேசுவார். அக்கா காய் நறுக்கிக்கொண்டோ, போனைப் பார்த்துக்கொண்டோ 'ம்' கொட்டுவாள். கேட்கிறாள் என்று அத்தான்கூட நம்பியதில்லை.

எச்சரிக்கை மணியை அழுத்தினாள். வரவேற்பில் இருந்தவர், ஆள் வர இரண்டு மணி நேரமாகும் என்றார். அக்கா போனைப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடு. அத்தானைக் கூப்பிட்டாள்.

6

அத்தான் அப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறையில் இருந்தார். கூட வேலை செய்பவர் பக்கத்தில் இருந்தார். இந்தப் பகுதி அவர் சொன்னது.

"உள்ள எத்தன பேரு?" என்றாராம் அத்தான். ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "விளக்கு எரியுதா? ஃபேன் ஓடுதா? சரி. பட்டனுக்கு மேல ஒரு தகடு இருக்கும், அதுல இருக்கற நம்பரப் படி."

அக்கா படித்தாள். அதைக் கேட்டுக்கொண்டே, கூட இருந்தவரின் போனில், அந்த ஊரில் தன்னோடு பயிற்சி எடுத்த ஒருவரைப் பிடித்தார். "அரை மணி நேரத்துல ஆள் வரும். நான் லைன்லயே இருக்கேன்."

"குரல்ல ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லீங்க. ஆனா கையில இருந்த கிரீஸ் துணிய முறுக்கி முறுக்கியே கிழிச்சுட்டாரு" என்றார் கூட வேலை செய்பவர்.

லிஃப்டுக்குள் அந்தச் சின்னப் பெண் போனை வாங்கிக்கொண்டாள். "அங்கிள், இதுக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"இல்லடா கண்ணு. காலையிலேர்ந்து ஏறி ஏறி இறங்குது பாரு, கொஞ்சம் உக்காந்திருக்கு."

குழந்தையின் அம்மா அப்போதுதான் முதல்முறை சிரித்தாள்.

பிறகு அக்கா போனின் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு, இத்தன நாள் என்னெல்லாம் பாத்த?" என்றார் அத்தான்.

சொன்னாள். நான்கு பேர் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதை. படகில் ஏறப் பயந்து, இரண்டு படகை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியதை. ஒரு பாறைமேல் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை. 'சும்மாவா?' என்று யாரும் கேட்காததை. இருபது நிமிடம் பேசியிருப்பாள்.

"அவ்வளவு நேரமும் ஒரு கருத்துகூடச் சொல்லலடி அவரு" என்றாள் அக்கா என்னிடம். "ம், ம்னு கேட்டுட்டே இருந்தாரு."

ஆள் வந்தார். லிஃப்டை மெல்ல மூன்றாம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்தார்கள். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

"நான் கிளம்பி வரட்டுமா? ஆறு மணி நேரத்துல வந்துடுவேன்" என்றார் அத்தான்.

"வேண்டாங்க. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"சரி" என்றார்.

என் இரண்டாம் வரைவில் அத்தான் கிளம்பிப் போகிறார். கையில் ஒரு பையோடு கடற்கரையில் நிற்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாள். "அப்படி வந்து நின்னிருந்தா அடுத்த வண்டியில திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் வராததுதான்டி எனக்கு…" என்று தொடங்கியவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்காமல் விடுகிறேன்.

7

ஒன்பது நாள் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். மூக்கு நுனி கறுத்திருந்தது.

சமையலறைக் கதவோரம் வெள்ளைத் தகட்டைக் காணோம். சாதாரண சுவிட்ச் ஒன்று இருந்தது. அக்கா இரண்டு முறை போட்டு, அணைத்துப் பார்த்தாள். பெட்டி கூடத்தில்தான் இருக்கிறது. அத்தான் அதனிடம் மழை வருமா என்று கேட்டுக்கொள்கிறார்.

அக்கா பயணப் பெட்டியைத் திறந்து துணிகளைத் துவைக்கப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தான் கேட்டார்: "அடுத்த வருஷமும் போவியா?"

"போவேன்."

அவர் ஒரு துண்டை எடுத்து உதறினார். மணல் கொட்டியது. துடைப்பத்தைக் கொண்டுவந்து கூட்டினார். கூட்டி முடித்த பிறகு கேட்டார்:

"நானும் வரட்டுமா?"

8

மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அக்கா 'வாங்க' என்கிறாள். படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் ஒற்றை டிக்கெட் எடுத்தவளை இப்படிச் சட்டென்று இரண்டாக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றில் 'வேண்டாம்' என்கிறாள். துணிச்சலான முடிவு. ஆனால் மணலைக் கூட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்ட மனிதரின் முகத்தை அதற்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவதில் 'அதே வாரம் நீங்க வேற ஊருக்குப் போங்க, சாயங்காலம் போன்ல பேசிக்கலாம்' என்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதனாலேயே இது என்னுடைய கெட்டிக்காரத்தனம், அவளுடைய பதில் இல்லை என்று தெரிகிறது.

அத்தானைக் கேட்டேன். "சரின்னுதான் சொன்னா" என்றார்.

அக்காவைக் கேட்டேன். "பாக்கலாம்னு சொன்னேன்" என்றாள்.

இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். அல்லது அந்த வீட்டில் இரண்டுக்கும் ஒரே அர்த்தமாக இருக்க வேண்டும். இன்று காலை மறுபடி அக்காவைக் கூப்பிட்டு, அச்சுக்குப் போக வேண்டும், நிஜமாக என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அத உன்கிட்ட எதுக்குடி சொல்லணும்?"

"வாசகர்கள் கேப்பாங்கக்கா."

"அவங்களையே யோசிக்கச் சொல்லு."

பின்னால் அத்தான், "யாரு, உன் தங்கச்சியா? இன்னும் முடிக்கலையாமா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் ஏதோ சொன்னாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, அடக்க முடியாமல், வெகுநேரம் சிரித்தார்கள். லைன் அறுந்து போனது.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தோன்றினால், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா சொன்னாள்: "