வாலாஜாபாத் வரை போய்வந்த முற்றம்

2001 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, முசரவாக்கம் கல்லூரியின் நடுமுற்றம் நான்கு வேப்பமரம், கல் பெஞ்சுகள், தண்ணீர்க் குழாய் சகிதம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்றது. அன்று சந்தையில் தக்காளி கொள்ளை மலிவு. அதனால் முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த முற்றத்தை வரைந்தவள் சின்ன காஞ்சிபுரத்து மங்கை. தினமும் சென்னைக்குப் பஸ்ஸில் போய்க் கட்டடக்கலை படித்தவள். ஐந்து வருஷத் தயிர்சாதத்தையும் மாடிப்படியில் உட்கார்ந்தே தின்றவள். பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரிதானே பகல் வீடு என்று வகுப்புகளைச் சுற்றிலும் ஒதுக்கி, நடுவைத் திறந்தவெளியாக விட்டாள். தாளாளர் கோதண்டபாணி பட்டு வியாபாரி. வரைபடத்தையும் புடவையாகத்தான் விரித்துப் பார்த்தார்.

“என்னம்மா, உடல் பூரா வெறுமனே விட்டுக்கினு, பேட்டுல, ஓரத்துக் கரையில மட்டும் வேலை வச்சிருக்க?”

“உடல் வெறுமனே இருந்தாத்தானே சார் பேட்டு எடுப்பா தெரியும்?”

பட்டுக்காரர் வரைபடத்தைப் புடவை மாதிரியே மடித்து, சரி என்றார். முற்றம் பிழைத்தது. மூன்று வருஷம் அதில் பிள்ளைகள் தூங்கினார்கள், சண்டை போட்டார்கள், பக்கத்து டிபன் பாக்ஸைக் காலி செய்தார்கள். பிறகு தாளாளருக்கு அங்கே ஆடிட்டோரியம் கட்டும் ஆசை வந்தது. வெள்ளிக்கிழமை நடுவில் நின்று, “இவ்ளோ எடம் சும்மா கிடக்குதே!” என்று சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். திங்களன்று கடைக்கால் வெட்டு. மங்கை எவ்வளவோ மன்றாடினாள், நடக்கவில்லை. முற்றத்துக்கு ரோஷம் வந்தது.

மறுநாள்தான் அது வாலாஜாபாத் போனது. காலை பஸ் நிற்காமல் போய்ப்போய் அட்டென்டன்ஸ் குறைந்து, பரீட்சை எழுத முடியாமல் போகவிருந்த சுகாசினி, “ஏறுங்கடி, நம்ம காலேஜ்தான்!” என்று முதல் ஆளாகக் கல் பெஞ்சில் பையைப் போட்டாள். ரயில்வே கேட்டில் எல்லோரையும் போல முற்றமும் காத்து நின்றது. மணி அடிப்பதற்குள் கல்லூரிக்கு நடுவே பிசிறில்லாமல் போய்ப் பொருந்திக்கொண்டது.

திங்களன்று மண்வெட்டியோடு வந்தவர்கள், முற்றம் அன்றும் வாலாஜாபாத் போயிருந்து, வெட்ட மண் இல்லாததால் டீ குடித்துவிட்டுப் போனார்கள். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று செவ்வாய் காலை தாளாளரே வாலாஜாபாத் போனார். நல்ல கூட்டம். விளிம்பில் ஒற்றைக் காலில், வேப்பங்கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்.

“சார், ஓரத்துல தொங்காதீங்க! உள்ள வாங்க, நடுவுல காலியா கீது!” என்று சுகாசினி கத்தினாள்.

தாளாளர் உள்ளே போனார். சுண்ணாம்புக் கோடு செருப்பு பட்டுப் பாதி அழிந்திருந்தது. மீதியின் மேல் வேட்டியோடு உட்கார்ந்துகொண்டார். இன்னொரு முறை மன்றாடலாம் என்று வந்து கல்லூரி வாசலில் நின்ற மங்கை, தலையில் வேப்பிலையோடு அவர் இறங்குவதைப் பார்த்தாள்.

“ஓரத்துல மட்டும் கைப்பிடி வச்சுடும்மா,” என்றார் அவர்.

மங்கை வைத்துக் கொடுத்தாள். ஆடிட்டோரியம் மாடிக்குப் போயிற்று. முற்றத்துக்கு இன்றுவரை ரூட் நம்பர் கிடையாது. ஆனால் கை காட்டினால் நிற்கும்.