ஒரு வண்டிக்குப் பழுது வைத்த கதை

மண்மேட்டில் பந்தயம் விடும் பழைய மோட்டோகிராஸ் பைக்கை ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருக்கலாம், அதைத் திருத்தத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டிருந்தார். அது பெரும்பாலும் உண்மை. வினையே அங்கேதான் தொடங்கியது. அவருடைய தங்கை புருஷன், அதாவது மாப்பிள்ளை, பதினைந்து வருடமாக ஒரே ஓட்டை வண்டியில் சேற்றிலும் மேட்டிலும் பறந்து ஒவ்வொரு பந்தயத்திலும் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"வண்டியை எங்கிட்ட விடுங்க மாப்ளே. முதல் பரிசு நிச்சயம்."

"நல்லாத்தானே ஓடுது மச்சான்?"

"அது எங்க ஓடுது? நீங்கதான் இழுத்துட்டுப் போறீங்க."

நாலு மாதம் வேலை நடந்தது. இஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் புது பிஸ்டன் போட்டார். கார்புரேட்டர், பிரேக், முன்பக்க ஸ்பிரிங் எல்லாம் புதிது. பட்டறைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் "இந்தத் தடவை பாருங்க" என்று அளந்துவிட்டார். அதை நம்பித் தச்சர் ஒருவரும் பேக்கரிக்காரர் ஒருவரும் தங்கள் பழைய பந்தய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம் என்பது பேச்சு.

பந்தயம் வந்தது. மாப்பிள்ளைக்கு அந்த வண்டியின் கோளாறுகள் அத்தனையும் அத்துப்படி. பிரேக் பிடிக்காது என்பதால் வளைவுக்கு முன்பே பலங்கொண்ட மட்டும் மிதிப்பது அவர் பழக்கம். அன்றைக்கும் மிதித்தார். பிரேக் பிடித்தது. வண்டி நின்றது, மாப்பிள்ளை நிற்கவில்லை. தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்று பேச்சுக்குத்தான் சொல்வார்கள். இவர் வாயிலிருந்து ஒரு பிடி மண்ணையே எடுத்தார்கள். எழுந்து ஓட்டிக் கடைசியாக வந்து சேர்ந்தார்.

மறுநாளே தச்சர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பேக்கரிக்காரர் இளகின மனசுக்காரர். "அடுத்த பந்தயத்தையும் பார்த்துடுறேன்" என்றார். அந்த வண்டியும் போனால் பந்தயக்காரன் எவனும் இனி பட்டறைப் படி ஏறமாட்டான் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாகச் சம்பாதித்த பெயர் ஒரு பேக்கரிக்காரரின் தாட்சண்யத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை கையில் கட்டோடு வந்தார். "நீங்க போட்டதெல்லாம் கழட்டிடுங்க மச்சான். என் பழைய சாமானையே போட்டுக் குடுங்க. பத்திரமாத்தானே வெச்சிருக்கீங்க?"

"பின்னே? பரண்மேலதான் இருக்கு."

பரண்மேல் தூசிதான் இருந்தது. சாமானைப் பழைய இரும்புக்காரர் வாரிக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

ஆயுள் முழுக்கக் கோளாறை நீக்கியே பிழைத்த மனிதர் இப்போது கோளாறு செய்ய உட்கார்ந்தார். பிரேக் கட்டையைத் தேய்த்து வழுக்க வைத்தார். கால் மிதியைச் சூடுகாட்டி இரண்டு விரல் அளவு வளைத்தார். ஒரு பக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினார். கார்புரேட்டர்தான் மசியவில்லை. பழைய வண்டி எங்கேயோ இருமும் என்பது நினைவிருந்தது, எங்கே என்பது நினைவில்லை.

வேறு வழியில்லாமல் தங்கையிடம் உண்மையைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பட்டறைக்கு வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வண்டிச் சத்தத்தைக் கேட்டாள்.

"இது தும்முதுண்ணே. அது இருமும். மூணாவது கியர்லேருந்து ரெண்டுக்கு வர்றப்போ, ஒரே ஒரு தடவை. தெருமுனைல அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் அடுப்புல தண்ணியே வெப்பேன்."

ஒழுங்காக ஓடும் கார்புரேட்டரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சொன்ன இடத்தில் ஒரே ஒரு தடவை இருமும் கார்புரேட்டரைச் செய்ய அவருக்குப் பதினோரு நாள் பிடித்தது. பன்னிரண்டாம் நாள் தங்கை அனிச்சையாக எழுந்து அடுப்பைத் தேடினாள். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வேலையை அவர் ஜென்மத்தில் செய்ததில்லை. இஞ்சினுக்குள் போட்ட புது பிஸ்டனை மட்டும் எடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டார்.

வண்டியில் ஏறி ஒரு சுற்று வந்த மாப்பிள்ளை, "இதான் என் வண்டி!" என்று கூவினார்.

அடுத்த பந்தயத்தில் அவர் முதலாவதாக வந்தார். பழக்கப்பட்ட பிரேக்கும் புது பிஸ்டனும் சேர்ந்தால் வராமல் என்ன செய்யும்? பேக்கரிக்காரர் கூட்டத்தில் நின்று துள்ளியதை மெக்கானிக் பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவருக்கு நன்றாக மூச்சு வந்தது.

கோப்பையோடு மைக்கையும் மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள்.

"என்ன பண்ணினேன்னு எல்லாரும் கேக்குறீங்க. ஒண்ணுமே பண்ணலீங்க! புதுசா போட்டதையெல்லாம் கழட்டிக் கடாசியாச்சு. இப்ப இந்த வண்டில இருக்குற ஒரு ஆணிலகூட மெக்கானிக் கை படலை. அதான் ஜெயிச்சேன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தங்கை அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் போய் சொல்லிடட்டுமா?"

சொன்னால், பிரேக் எங்கே எப்படிப் பிடிக்கும் என்ற சந்தேகத்தோடு மாப்பிள்ளை இனி அந்த வண்டியில் ஏறுவார். சந்தேகத்தோடு ஏறினால் மறுபடியும் மண்தான். போனமுறை கை, இந்தமுறை கழுத்தாகவும் இருக்கலாம்.

"வேணாம்மா" என்றார் மெக்கானிக். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் யாரிடம் போய் முறையிடுவான்?

பேக்கரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களா? நல்லவேளை! என் வண்டியை நீங்க இன்னும் தொடலைதானே?"

"தொடலை."

"தெய்வம் சார் நீங்க. காலைல வந்து எடுத்துக்கறேன்."