பன்னிரண்டு வருஷ அனுபவம்

பதினாறு மணி நேரப் பயிற்சியில் பதினொன்று முடிந்திருந்தது. ஒரு கேள்விகூட வரவில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த மரியாதைக்குக் காரணம் அக்கா.

அக்கா என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இந்த நாட்டிலேயே கல்யாணம் செய்துகொண்டு, இவர்கள் பாஷையைக் கரைத்துக் குடித்தவர். நான் தமிழில் சொல்வதை அவர்தான் மொழிபெயர்ப்பார். முதல் நாள் என்னை அறிமுகம் செய்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

"என்னக்கா சொன்னீங்க?"

"பன்னெண்டு வருஷம் டீச்சரா இருந்தவள்னு சொன்னேன்."

"எனக்கு வயசே இருபத்திநாலு."

"மூஞ்சியை உம்முனு வச்சுக்கோ. முப்பத்தஞ்சு தெரியும்."

நான் இயற்பியல் படித்தவள். பள்ளிகளுக்குப் பரிசோதனைப் பெட்டி தயாரிக்க வந்தவள். அதை வகுப்பில் பயன்படுத்தச் சொல்லித்தர வர வேண்டிய பயிற்சியாளர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டதால் என்னை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பிடித்துப்போய் அடுத்த பருவத்துக்கும் கூப்பிட்டால் எனக்கு வேலை உண்டு. இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் மதியம் மாதிரி வகுப்பு. "நீங்க எல்லாரும் பிள்ளைங்க, நான் டீச்சர்" என்றேன். அவ்வளவுதான். ஒருவர் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றார். துணைக்கு நான்கு பேர் எழுந்தார்கள். நானும் அக்காவும் ஒட்டடைக்குச்சி என்று ரகசியமாகப் பெயர் வைத்திருந்த கணக்கு வாத்தியார், பேட்டரிக் கம்பியைப் பக்கத்தில் இருந்தவர் காதில் விட்டார். அவர் இவரைக் கிள்ளினார். ஒரு பல்பு உடைந்தது. "சத்தம் போடாதீங்க" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"அக்கா, நீங்களாவது அதட்டுங்களேன்."

"நானும் பிள்ளைதான் டீச்சர்," என்றார் அக்கா.

அப்போது கடைசி வரிசை அறிவியல் டீச்சர் எழுந்தார். அவர் விளையாடவில்லை. அறை அடங்கியது. அவர் பேசப் பேச அக்கா தமிழில் சொன்னார்:

"என் கிளாஸ்ல அறுபது பேர். போன வருஷம் இப்படித்தான் பல்பு உடைஞ்சு ஒரு பொண்ணுக்கு உள்ளங்கை கிழிஞ்சிருச்சு. அதுலேர்ந்து பெட்டியைத் தொடலை. திங்கக்கிழமை திறக்கலாம்னு பாக்கறேன். நீங்க அத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்க? சொன்னபடி செய்யறேன்."

முதல் கேள்வி. எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்கக்கா."

அக்கா பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். தெரியாது என்பதற்கு எந்த பாஷையிலும் இவ்வளவு நீளம் ஆகாது. எல்லோரும் தலையாட்டி எழுதினார்கள்.

"என்னக்கா அளந்து விட்டீங்க?"

"நீ பத்துப் பத்துப் பேரா பிரிச்சு உக்கார வச்சே, ஒண்ணும் ஆகலைன்னு சொன்னேன். நல்லாத்தானே இருக்கு?"

"அவங்க அதை நம்பிப் பெட்டியைத் திறப்பாங்க."

"திறக்கட்டும்டி. உண்மை தெரிஞ்சா உனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துடுவாங்க, வாயை மூடிட்டு இரு."

அறிவியல் டீச்சர், எழுதியதன் அடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் பாஷையில் எனக்கு நாற்பது வார்த்தை தெரியும். பாதி கடைக்குப் போக, கால்வாசி பஸ் ஏற. மீதி கொஞ்சம் இந்தப் பயிற்சியில் பொறுக்கியது. அவர் பெஞ்சு வரை நடந்தேன். அக்கா பின்னாலிருந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"நான்," என்றேன். அவர்கள் பாஷையில் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். "பள்ளிக்கூடம். பாடம். ஒரு நாள்கூட நடத்தினது இல்லை."