நாலு கோடும் ஒரு குறுக்குக் கோடும்

நாகமணி வேலை பார்த்த ரேடியோ ஸ்டேஷன், அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இர்விங்கில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது. மொத்தமே ஆறு பேர். இவள் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பாள். தொண்ணூற்றாறாம் வருஷம், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் பேசிக்கொண்டிருந்த உள்ளூர்க் கிழவர் ரிடையர் ஆகிப் போய்விட்டார். அந்த இரண்டு மணி நேரத்தை யாரை வைத்து நிரப்புவது என்று மேனேஜர் டேலுக்கு மண்டைக் குடைச்சல்.

இதற்கென்றே வெளியூரில் கம்பெனிகள் இருந்தன. அவர்களுடைய ஆள் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுவார், அது சாட்டிலைட் வழியாக நூறு ஊருக்குப் போகும். காசு கேட்க மாட்டார்கள், கூடவே அவர்கள் விளம்பரத்தையும் போட்டால் போதும். டேல் இரண்டு பேரைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று, குடும்பச் சண்டைக்கு யோசனை சொல்கிற ஒரு அம்மாள். இன்னொன்று, எல்லாரையும் போலப் பேசிக் கிண்டல் பண்ணுகிற ஒரு ஆள். ஆளுக்கு ஒரு வாரம் சோதனை. யாருக்குப் போன் அதிகமோ அவருக்கு இடம். போன் வந்தால் நாகமணி பேப்பரில் ஒரு கோடு போட வேண்டும், ஐந்தாவது குறுக்குக் கோடு. அவ்வளவுதான் அவள் வேலை.

அம்மாள் வாரத்தில் பதினோரு கோடு. பிடித்துப்போனவர்கள் எதற்குப் போன் பண்ணுவார்கள்? கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, அந்த ஆள் இந்தியாக்காரன் மாதிரி பேசிக்காட்டினான். மோட்டல் முதலாளியாம், தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறானாம். அரை மணி நேரம் அதே குரல். மூன்று மணிக்குப் பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிடும் ஸ்கூல் பஸ் டிரைவர் எப்போதும் அந்த ஸ்டேஷனைத்தான் வைப்பார். மறுநாள் காலை பஸ் வரும்போது, நாகமணியின் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற ரோஷினி, அம்மாவின் கையை விட்டுவிட்டு, இன்றைக்கு டிரைவருக்கு குட்மார்னிங் சொல்லாதே என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டாள். ஏன் என்றதற்குத் தரையைப் பார்த்தாள். நாகமணி சொன்னால், பின் சீட்டுப் பையன்கள் அதை அந்தக் குரலில் திருப்பிச் சொல்வார்களாம்.

நவராத்திரி சமயம். அன்று சாயங்காலம் ருக்மிணி ஆன்ட்டி வீட்டுக் கொலுவுக்குப் போன இடத்தில் நாகமணிக்கு அழுகை வந்துவிட்டது. ஆன்ட்டி சுண்டல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஸ்டேஷன் நம்பரைச் சொல்லு."

"ஆன்ட்டி, என் பேர் வெளிய வரக் கூடாது."

"உன் பேர் எதுக்குடி? நாங்க கம்ப்ளெயின்ட் பண்ணப்போறோம், உனக்குக் கல்யாணமா பண்ணப்போறோம்?"

அன்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போன அத்தனை பேர் கவரிலும் ஒரு துண்டுச் சீட்டில் அந்த நம்பர் இருந்தது.

வியாழனும் வெள்ளியும் போன் ஓயவில்லை. எல்லாம் தெரிந்த குரல்கள். நாகமணி யாரோ போல மேடம், சார் என்றாள். கொலுவுக்கு வந்திருந்த காமாக்ஷி நடுவில் மறந்துபோய், "நாகு, நான் சரியா திட்டறேனா?" என்று தமிழில் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நாகமணி கோடு போட்டாள். இத்தனை புகார் வந்த ஆளை டேல் எடுக்க மாட்டார், ஒவ்வொரு கோடும் அவன் வாயில் அடிக்கிற ஆணி என்று நினைத்தாள். சிலரை மறுபடி பண்ணச் சொன்னதும் அவள்தான்.

வெள்ளி சாயங்காலம் டேல் பேப்பரை எடுத்துப் பார்த்து விசிலடித்தார். அறுபத்துமூன்று. இந்த ஆள்தான் என்று முடிவு சொல்லிவிட்டார்.

அத்தனையும் புகார், சொல்லிப் பண்ண வைத்தது நான்தான் என்று நாகமணி ஒப்புக்கொண்டாள். டேல் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கொடுமை. திட்டுகிறவர்களும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள், நாளைக்கு என்ன சொல்வான் என்று இன்னும் கவனமாகக் கேட்பார்கள் என்றார். நாகமணி காமாக்ஷியை நினைத்துக்கொண்டாள். பரணில் கிடந்த ரேடியோவை இதற்காகவே இறக்கினேன் என்று அவள் சொல்லியிருந்தாள். இப்போதைக்கு மூன்று மாசம், அப்போதும் போன் இப்படியே வந்தால் ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டு டேல் கம்பெனிக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார். அவளே அடித்தாள்.

சனிக்கிழமை ஆன்ட்டிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இனிமே யாரும் பண்ண வேண்டாம் ஆன்ட்டி. ரேடியோவையே ஆஃப் பண்ணிடுங்க. மூணு மாசம் ஒரு போன்கூட வரக் கூடாது."

ஆன்ட்டி குரலை உயர்த்தினார்.

"அவன் அசிங்கப்படுத்துவான், நாம வாயை மூடிக்கணும். உன் மேனேஜர் சொல்லிக்குடுத்தானா?"

"ரோஷினிக்காகத்தான் சொல்றேன்."

"வேலைக்காகச் சொல்றே," என்று ஆன்ட்டி வைத்துவிட்டார்.

திங்கள் காலை பஸ் வந்தது. டிரைவர் கையசைத்தார். நாகமணியும் கையை மட்டும் அசைத்தாள். ஏறும்வரை ரோஷினி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் இரண்டு பத்துக்கு முதல் போன். டேல் காபியோடு வாசலில் நின்றிருந்தார். ருக்மிணி ஆன்ட்டி எழுதிவைத்துப் படிப்பதுபோல ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு தப்பு இல்லை. நாகமணி கடைசிவரை கேட்டாள்.

"சாரி மேடம். ராங் நம்பர்."

"நாகமணி, நான்தான்டி பேசறேன்."

அவள் போனை வைத்தாள். ராங் நம்பருக்குக் கோடு கிடையாது; புதுப் பேப்பர் வெறுமையாகவே இருந்தது. ரிசீவரிலிருந்து கையை எடுக்குமுன் மறுபடி மணி அடித்தது. டேல் சிரித்துக்கொண்டே பேப்பரைப் பார்க்கப் பக்கத்தில் வந்தார்.