இலை பழுக்கட்டும்

லாரிக்காரர் புகையிலையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஊருக்கு அவர் லாரிக்காரர். பயிர் அவர் மனைவியின் பாடு. அவள் படுத்த படுக்கையாகி விட்டதால் இந்தத் தடவை வயலும் அவர் தலையில் விழுந்திருந்தது.

"அடி இலையாங்க இது?"

"ஆமா."

"அடி இலைதானே முதல்ல பழுக்கும், இந்நேரம் மஞ்சளிச்சிருக்கணுமே. தம்பி வயல்ல ஒடிக்கவே ஆரம்பிச்சுட்டான்."

அவர் எழுந்து போய்ப் பால் கொண்டுவந்தார். வேண்டாமென்றாள். போர்வையை இழுத்துவிட்டார், பிறகு விலக்கினார். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

"நைட்ரேட் உரம்தானே போட்டீங்க?"

நைட்ரேட் சட்டென்று ஏறிச் சட்டென்று தீர்ந்துவிடும், கடைசியில் பயிர் பட்டினி கிடந்தால்தான் இலை பழுத்து நிறம் வரும் என்று அவள் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம்.

"யூரியா," என்றார். "ரெண்டாம் தடவையும்."

"ஏன், நைட்ரேட் கிடைக்கலையா?"

"கிடைச்சுது." நகத்தால் இலை நரம்பைக் கீறினார். "யூரியா போட்டா பச்சை விடாதுன்னு நீதான் சொல்லுவ. இலை பழுத்து ஒடிக்கறதைப் பார்த்துட்டுப் போயிடறேன்னும் நீதானே சொன்ன."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"வருஷ உழைப்பையே கெடுத்துட்டு நிக்கறீங்க. இதை எவன் வாங்குவான்?"

"எவனும் வாங்க மாட்டான்."

"லூசு மனுஷன்," என்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உருவிக்கொள்ள மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள், அழுது ஓய்ந்த மச்சினன் வெளியே வந்தபோது அவர் வயலைப் பார்த்தபடி நின்றிருந்தார். பயிர் கரும்பச்சையாக மண்டிக் கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதன் செழிப்பைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"உள்ள வந்து உட்காருங்க மாமா. காலையிலேருந்து நின்னுட்டே இருக்கீங்க."

"இன்னும் பழுக்கலையேப்பா," என்றார்.

"பழுக்கும் மாமா. கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்."

அவர் தலையாட்டிவிட்டு வயலில் இறங்கினார். குனிந்து ஓர் அடி இலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு அடுத்த செடிக்குப் போனார்.