எதிர்வீட்டுச் சவ்சவ் கொடி

செண்பகனூரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே, சரிவில், ஒரே ஆள் கட்டிய இரண்டு கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய சந்து. ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஹெப்சிபாவும் அவள் கணவன் பென்சனும் குடியிருந்தார்கள். ஹெப்சிபா பள்ளிக்கூட நூலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். பென்சன் சுற்றுலா வருகிறவர்களுக்கு டாக்ஸி ஓட்டினான். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடி வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. சித்திரையில் அங்கே ஒரு பெண் தனியாகக் குடிவந்தாள். பெயர் புவனா, ஊர் பழனி, நிதி நிறுவனம் ஒன்றில் வேலை, இங்கே மாற்றல் வாங்கி வந்திருக்கிறாள் என்று வீட்டுக்காரர் இராமலிங்கம் சொன்னார்.

வந்த வாரமே அவள் பால்கனியில் மேலிருந்து கீழாகச் சணல் கயிறுகளை இழுத்துக் கட்டினாள். கம்பியை ஒட்டி வரிசையாகப் பூந்தொட்டிகள் வந்தன. துணி காயப்போட வந்த ஹெப்சிபா ஈரப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். கொடி ஏற்றத்தான் கயிறு. கொடி ஏறிவிட்டால் பால்கனி மறைந்துவிடும். யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? அந்த பால்கனிக்கு நேரே இருப்பது இவளுடைய பால்கனி ஒன்றுதான்.

"நம்ம அவங்களைப் பாத்துக்கிட்டே இருக்கோம்னு நெனச்சுட்டாங்க போல," என்றாள் பென்சனிடம்.

"பாக்குறியா?"

"எனக்கு வேற சோலி இல்லையா?"

"பாக்காமயே அவங்க கயிறு கட்டுனது எப்படித் தெரிஞ்சுச்சு?"

ஹெப்சிபா விருட்டென்று உள்ளே போனாள். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. அதற்கு முன் அவள் அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்த்ததில்லை. கயிறு கட்டிய நாளிலிருந்துதான் பார்க்கத் தொடங்கினாள்.

தொட்டிகளில் இருந்தது மல்லிகை. பழனி வெயிலில் தழைத்துக் கிடந்த செடிகளை மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். இங்கே சாயங்காலமானால் மேகம் சந்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மல்லிகை ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தது. பிறகு இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. புவனா தினமும் வெள்ளனே எழுந்து வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் குச்சிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். தலையில் காதுவரை இழுத்துவிட்ட ஊதா நிறக் கம்பளித் தொப்பி இருக்கும். அதில் ஒன்றும் விசேஷம் இல்லை. கொடைக்கானலில் பாதிப் பேர் தலையில் அப்படி ஒன்று இருக்கும்.

முதலில் ஹெப்சிபாவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. நன்றாக வேண்டும், எதிரில் இருக்கிறவர்களை மதிக்காமல் திரை கட்டினால் இப்படித்தான். ஆனால் போகப் போக அந்தப் பெண் குச்சிகளின் முன்னால் உட்கார்ந்திருக்கும் விதம் அவளை உறுத்தியது. இந்த ஊருக்கு எந்தக் கொடி ஏறும், எது ஏறாது என்று தனக்குத் தெரியும். சொன்னால் தன் முகத்துக்கு நேரே தானே சுவர் எழுப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் இன்னும் நான்கு செடி வாங்கி வந்து அவற்றையும் சாகடிப்பாள்.

சனிக்கிழமைகளில் பூண்டியிலிருந்து காய்கறி வேன் வரும். சந்து முனையில் நின்று ஹாரன் அடிக்கும். அங்கேதான் இருவரும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். புவனா கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா வீட்டிலிருந்து ஒரு பையில் முளைவிட்ட சவ்சவ் காயைக் கொண்டுவந்திருந்தாள். சமையலறைக் கூடையில் மறந்துபோய்க் கிடந்து, நுனியில் விரல் நீளம் முளை வந்த காய்.

"இதை வைங்க," என்று நீட்டினாள்.

புவனா காயையும் அவளையும் பார்த்தாள். "சமைக்கவா?"

"இல்லைங்க, நடுறதுக்கு. மல்லி இங்க வராது. சவ்சவ் வெரசா ஏறும். வெட்டாம முழுக் காயா வைக்கணும். பாதி மண்ணுக்குள்ள, பாதி வெளிய. தொட்டி பத்தாது, டிரம்மை அறுத்து வைங்க. சணல் தாங்காது, நைலான் வலை கட்டுங்க."

"முழுக் காயையா? விதை எங்க இருக்கு?"

"உள்ளயே இருக்கு. அது வெளிய வராமலே மொளைக்கும்."

புவனாவின் முகம் சட்டென்று மாறியது. காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முளை கிளம்பிய பிளவில் நகத்தை மெதுவாக வைத்தாள். "அப்ப அந்த விதை இந்தக் காயைத் தின்னுதான் வளருமா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்," என்றாள் ஹெப்சிபா. இத்தனை வருடம் சமைத்தும் அவள் அதை யோசித்ததில்லை.

திரும்பும்போதுதான் புவனா கேட்டாள்: "மல்லி காஞ்சது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் எப்பவும் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துக் கூசிப்போய், ஹெப்சிபா வாங்க வந்த பீன்ஸை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சவ்சவ் ஆடியில் வலையைப் பிடித்தது. அதற்குப் பிறகு அதை நிறுத்த முடியவில்லை. காலையில் ஒரு கண்ணியில் இருக்கும் பற்றுக்கம்பி, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுத்த கண்ணியைச் சுற்றியிருக்கும். ஆவணி பாதிக்குள் உள்ளங்கை அகல இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து எதிர் பால்கனியை முழுக்க மூடிவிட்டன. தான் கொடுத்த காய் இப்படி வளர்ந்ததில் ஹெப்சிபாவுக்குப் பெருமைதான். ஆனால் அந்த இலைகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது இப்போது அவளுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

தெரியாததால் காது கூர்மையானது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும் முன் பார்ப்பாள்: வெயில் சந்துக்குள் விழுந்து முதலில் அந்த பால்கனியைத்தான் தொடும். உடனே நாற்காலி இழுபடும் சத்தம் வரும். பிறகு வெகுநேரம் ஒன்றுமே இருக்காது. சில நாள் பேச்சுக் கேட்கும். புவனாவின் குரல் மட்டும். "அதெல்லாம் இல்லைன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று ஒரு நாள் தெளிவாகக் கேட்டது. பதில் சொல்லும் குரல் கேட்கவே இல்லை. தூறல் போட்டால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். அங்கே அப்போதும் நாற்காலி இழுபடும், ஆனால் வெளிப்பக்கமாக. மழையில் யார் போய் உட்காருவார்கள்?

"யாரையாவது மறைச்சு வச்சிருக்காங்களோ?" என்றாள் பென்சனிடம்.

"ஆளை மறைக்கணும்னா வீட்டுக்குள்ள மறைப்பாங்க. பால்கனிலயா வைப்பாங்க?"

அதுவும் சரிதான். அதனால் இன்னும் புரியவில்லை.

புரட்டாசியில் கொடி வலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இன்டர்நெட் கேபிள்கள் நான்கைந்து தொங்கின. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சந்தின் மேலாக நடந்து வரத் தொடங்கியது. ஹெப்சிபா ஒவ்வொரு நாளும் அது எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு நாள் காலையில் அதன் நுனி அவள் பால்கனிக் கம்பியை எட்டித் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கிள்ளிப்போட மனம் வரவில்லை. ஐப்பசியில் சந்தின் நடுவே, யார் கைக்கும் எட்டாத இடத்தில், காய்கள் தொங்கின. கீழே போகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள். இராமலிங்கம் மட்டும், மழையில் கேபிள் அறுந்தால் யார் பொறுப்பு என்று முணுமுணுத்தார்.

அவர் பயந்தது மழைக்கு. வந்தது குரங்கு.

ஐப்பசி மழை ஓய்ந்து, பளிச்சென்று வெயில் அடித்த ஒரு விடுமுறை நாள். ஹெப்சிபா அரிசி களைந்துகொண்டிருந்தபோது தகரத்தில் ஏதோ குதிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தால், ஒரு கூட்டமே கேபிளில் தொங்கிக்கொண்டு காயைப் பறித்தது. குட்டியைக் கட்டிக்கொண்ட ஒன்று, கடித்த காயைப் பிடிக்காமல் கீழே எறிந்தது. பெரிய ஆண் குரங்கு ஒன்று புவனாவின் வலை உச்சியில் ஏறி உட்கார்ந்து உலுக்கியது. ஈரம் ஏறி ஏற்கெனவே கனத்துப்போயிருந்த கொடி அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. மேல் கம்பியில் கட்டியிருந்த முடிச்சுகள் படபடவென்று விட்டன. வலையும் கொடியும் இலையுமாக மொத்தத் திரையும் மடிந்து சந்துக்குள் சரிந்தது.

அங்கே புவனா நின்றாள். கையில் துடைப்பம். தலையில் ஒன்றும் இல்லை. விரல்கடை அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. குட்டையாக, அடர்த்தியாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு. அவளுடைய ஊதாத் தொப்பி ஆண் குரங்கின் கையில் இருந்தது. அது தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, கொண்டுபோயே விட்டது.

சந்துக்கு மேலாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.  என்ன நோயோ, தெரியாமல் எத்தனை கதை கட்டினோம் என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. அவள் முகத்தில் அந்த நினைப்பு அப்படியே தெரிந்திருக்க வேண்டும். புவனா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு நோயும் இல்லை," என்றாள். "நீங்களும் அப்படி முகத்தை வச்சுக்காதீங்க. கொஞ்சம் வர்றீங்களா? இதை நான் ஒருத்தியா தூக்க முடியாது."

ஹெப்சிபா படி இறங்கிப் போனாள். இருவருமாகக் கொடியை அறுந்துவிடாமல் மேலே இழுத்தார்கள். இழுத்து முடித்துக் கையெல்லாம் பச்சையாக உட்கார்ந்தபோது புவனா தானாகவே சொன்னாள்.

"எங்க வீடு பழனி அடிவாரத்துல. மொட்டை போட்டு வர்றவங்களுக்குச் சந்தனம் விக்கிற கடை. அண்ணன் சிவமுருகன் நடத்துறான். நான் சின்னதுல இருந்து அந்தத் தலைகளைத்தான் பாத்து வளந்தேன். ஆம்பளை, பொம்பளை, பிள்ளைங்க. சந்தனம் தடவினதும் எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்னு தோணும். வீட்டுல கேட்டா, வேண்டுதல் இருந்தாத்தான் போடணும்பாங்க. எனக்கு வேண்டுதல் ஒண்ணும் வரலை. முப்பத்தாறு வயசாச்சு. மாசியில ஒரு நாள் ஆபீசுக்குப் போற வழியில, நேரே மொட்டை போடுற மண்டபத்துக்குப் போய் உக்காந்துட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். அதைத்தான் யாரும் நம்பலை. கல்யாணத்துக்கு வேண்டுதலான்னு கேட்டாங்க. ஆபீஸ்ல, கேன்சரை மறைக்கிறேன்னு முடிவு பண்ணி, எனக்குத் தெரியாம எனக்காக அபிஷேகம் பண்ணி, திருநீறு கொண்டுவந்து குடுத்தாங்க. வேண்டாம்னா அழறாங்க. அம்மா இன்னைக்கு வரைக்கும் போன்ல, என்ன மனக்கஷ்டம்னு சொல்லுடீன்னு கேக்குது. முடி வளர்ற வரைக்கும் எங்கயாவது இருந்துட்டு வரலாம்னு மாற்றல் கேட்டேன். இங்க தொப்பி போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. மொட்டை பிடிச்சுப்போய், ஆவணி வரைக்கும் வளர வளர நானே ஒட்ட வெட்டிக்கிட்டேன். ஆனா தொப்பிக்குள்ளயே வச்சிருந்தா மொட்டை போட்டதுக்கு என்ன அர்த்தம்? வெயில் படணும், மழை படணும். அதுக்குத்தான் திரை."

ஹெப்சிபா அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ கேள்விகள் இருந்தன. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றுதான்.

"எப்படி இருந்துச்சு?"

 புவனாவுக்குக் கண் கலங்கியது. பிறகு சிரித்தாள்.

"இதை யாருமே கேக்கலைக்கா. முதல்ல பயந்துட்டேன். தலை ரொம்பச் சின்னதா இருந்துச்சு, யாரோடதோ மாதிரி. சந்தனம் வச்சதும் குளிர்ச்சி கழுத்து வரைக்கும் இறங்குச்சு. அன்னைக்கு ராத்திரி தலகாணித் துணி நூல் நூலாத் தலையில தெரிஞ்சுச்சு. இங்க வந்த பிறகுதான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். மேகம் உள்ள வர்றதுக்கு முன்னாடியே உச்சந்தலைக்குத் தெரிஞ்சுடுது. ஏதோ ஈரமா தொடும். நிமிந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. கொஞ்ச நேரத்துல சந்து முழுக்க வெள்ளையா இருக்கும்."

"நெசமாவா?"

"தொட்டுப் பாக்குறீங்களா?"

ஹெப்சிபா கையைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். முன்னிருந்து பின்னாகத் தடவினால் வழுக்கியது. பின்னிருந்து முன்னாகத் தடவினால் உள்ளங்கையில் குறுகுறுத்தது. இரண்டு மூன்று முறை அப்படித் தடவிப் பார்த்துவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் பென்சன் வண்டி கட்டி இழுக்கும் கயிற்றைக் கொண்டுவந்து, திரையை மறுபடியும் தூக்கிக் கட்டிக்கொடுத்தான். எதற்கு இது என்று ஹெப்சிபாவிடம் கேட்டான். "அவங்களுக்கு வெயில்ல தனியா உக்காரணுமாம்," என்றாள். மொட்டை போட்ட கதையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். கேபிளில் வந்த கொடியை மட்டும் இராமலிங்கம் ஆள்விட்டு அறுத்தார். மிஞ்சிய காய்களை எல்லோரும் கூட்டு வைத்துத் தின்றார்கள்.

தையில் பனி இறங்கி இலைகள் கருகின. வலை வெறும் வலையாகத் தொங்கியது. புவனா அவசரப்பட்டு எதையும் கொண்டுவந்து மறைக்கவில்லை. அதற்குள் முடி காதைத் தொட்டிருந்தது. தொப்பி இல்லாமல் வேலைக்குப் போனாள். இந்தக் குளிரில் தலையை மூடாமல் வருகிறீர்களே என்று அங்கே கடிந்துகொண்டார்களாம். பழனிக்கு எப்போது மாற்றல் என்று ஹெப்சிபா கேட்டதற்கு, இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றாள்.

மாசியில் டிரம்மின் மண்ணைப் பிளந்துகொண்டு சவ்சவ் வேரிலிருந்து இரண்டு குருத்துகள் வந்தன. ஹெப்சிபா இந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள்: "புவனா, மறுபடியும் ஏறுது பாருங்க. வலையை இறுக்கிக் கட்டணும்."

"பாத்தேங்கா. அது ஒரு பக்கம் ஏறட்டும். இன்னொரு பக்கம் பேஷன் ஃப்ரூட் வைக்கலாமா? அந்தப் பூவைப் படத்துல பாத்தேன், பூ மாதிரியே இல்லை, மெஷின் மாதிரி இருக்கு. நேர்ல எப்படி இருக்கும்?"

"வாசம் இருக்கும்னு சொல்வாங்க. நானும் கிட்டப் போய் மோந்து பாத்ததில்லை," என்ற ஹெப்சிபா உள்ளே திரும்பி, நாளைக்குப் பேஷன் ஃப்ரூட் தோட்டங்கள் இருக்கும் பள்ளங்கிப் பக்கம் சவாரி இருக்கிறதா என்று பென்சனைக் கேட்டாள்.